கணவாய்க்கு விழுந்த வாக்குகள்

வலயக் கல்வி அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி, பள்ளிக்கூடத்துக்கு ஒருவரை அனுப்பவும் என்று கடிதம் வந்த அன்று நான் பல்வலி என்று லீவு போட்டிருந்தேன். மறுநாள் வந்தபோது என் பெயர் போய்ச் சேர்ந்திருந்தது.

"நீங்கள் நிக்காததாலை ஒருத்தரும் மறுப்புச் சொல்லேல்லை ரீச்சர்," என்றார் அதிபர், நல்ல செய்தி சொல்கிறவரைப் போல.

நான் புவியியல் படிப்பிக்கிறவள். வீடு மானிப்பாயில். பள்ளிக்கூடம் பருத்தித்துறையில், கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. காலமை இருட்டோடு வெளிக்கிட்டு, யாழ்ப்பாணத்தில் பஸ் மாறிப் போனால், மணி அடிக்கிறதும் நான் வாசலுக்குள் நுழைகிறதும் சரியாக இருக்கும். இப்படி ஓடுகிற ஒருத்திக்கு இணையத்தில் புதிதாக ஏதும் படிக்க ஆசை இருந்தது என்று சொன்னால் அது பொய். கொரோனாக் காலத்தில் போனில் பாடம் நடத்தச் சொன்னபோது, ஒரு முழுப் பாடவேளையும் பிள்ளைகளுக்கு என் முகத்துக்குப் பதிலாக வீட்டுக் கூரையைக் காட்டியவள் நான்.

பயிற்சி தந்தது ஒரு இளம் பெண். ஒரே விஷயத்தை எடுத்துப் பல பாடங்களும் சேர்ந்து ஒரு செயற்றிட்டமாகச் செய்யவேண்டும், அதற்கு இணையத்தில் மூன்று சாமான் போதும் என்றா. எல்லாரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஒரு அட்டவணை. எல்லாரும் குறி குத்தக்கூடிய ஒரு வரைபடம். எல்லாரும் போனிலேயே வாக்குப் போடக்கூடிய ஒரு கேள்வி. 'எல்லாரும்' என்ற சொல்லை அவ எத்தனை தரம் சொன்னா என்று நான் அப்போது எண்ணவில்லை. எண்ணியிருக்க வேண்டும்.

தவணை முடிய முதல் ஒரு ஆசிரிய ஆலோசகர் வந்து வகுப்பைப் பார்ப்பார் என்பதையும் கடைசியில், பற்றீசும் தேத்தண்ணியும் தந்த பிறகுதான் சொன்னார்கள்.

எங்கள் தரம் ஒன்பதில் முப்பத்தொரு பிள்ளைகள். பாதிப்பேர் கடற்றொழில் வீட்டுப் பிள்ளைகள். என்ன விஷயம் எடுக்கலாம் என்று கேட்டேன். பெடியங்கள் எல்லாரும் கிரிக்கெட் என்றார்கள். மூன்றாம் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை மட்டும், "மீன் ரீச்சர். நாங்கள் தினமும் பாக்கிறதுதானே," என்றாள். அவளுடைய தாய் சந்தையில் மீன் விற்கிறவ. சரி, மீன் என்று முடிவெடுத்தோம். ஒரு கிழமைக்குக் கரையில் இறங்குகிற மீன்களை எழுதவேண்டும். எங்கே இறங்கியது என்பது என் பாடம், என்ன இனம் என்பது விஞ்ஞானம், எவ்வளவு நீளம், சராசரி என்ன என்பது கணிதம்.

விஞ்ஞான சேர் புதிதாக நியமனம் கிடைத்து வந்தவர். நான் சொல்லி முடிக்கு முன்னமே ஓம் என்றார். அவர் எதற்கும் முதலில் ஓம் சொல்லிவிட்டுப் பிறகுதான் என்னவென்று கேட்பார்.

கணித ரீச்சரிடம் பஸ்ஸில்தான் கதைத்தேன். அவ கொக்குவிலில் இருந்து வருகிறவ. யாழ்ப்பாணத்தில் எனக்கு முதல் ஏறி, பக்கத்து இருக்கையில் குடையை வைத்து எனக்கு இடம் பிடித்து வைப்பா. பிறந்ததிலிருந்து சைவம். பஸ் மீன் சந்தையைத் தாண்டுவதற்கு இரண்டு தரிப்பிடம் முன்னமே லேஞ்சியை மூக்கில் வைத்துவிடுவா.

"மீனோ?" என்றா.

"ஓம் ரீச்சர். பிள்ளையள் அளந்து எழுதுவினம். நீங்கள் சராசரியும் வட்ட வரைபும் செய்விச்சால் காணும்."

வல்லை வெளி தாண்டும்வரை அவ குடைப்பிடியைத் திருகிக்கொண்டிருந்தா. பிறகு கேட்டா:

"வத்தாளங்கிழங்கு எண்டால் என்ன? அதையும் அளக்கலாம்தானே?"

"கரையிலை வத்தாளங்கிழங்கு இறங்கிறேல்லை ரீச்சர்."

பெருமூச்சு விட்டா. "சரி. ஆனால் நான் தொடமாட்டன். படமும் எனக்குக் காட்டக்கூடாது. இலக்கம் மட்டும் வரட்டும்."

திங்கட்கிழமை தொடங்கினோம். பள்ளிக்கூடத்து றூட்டர் அதிபரின் அறையில் இருக்கிறது. அதன் சிக்னல் கொம்பியூட்டர் அறையின் மூன்றாம் யன்னல் வரைக்கும்தான் வரும். ஆகவே முப்பத்தொரு பிள்ளைகளும் மூன்றாம் யன்னலில் தொங்கிக்கொண்டு நின்றார்கள். நான் வரைபடத்தைத் திறந்து, முதல் குறியை நானே குத்தப்போகிறேன், இதுதான் எங்கள் பள்ளிக்கூடம் என்று சொல்லி, அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் கவனமாக அடித்தேன்.

படம் சுழன்றது. நீலம் வந்தது. மேலும் நீலம் வந்தது. வடதுருவத்துக்குக் கிட்டே, ஒரு ஊரும் இல்லாத கடலில், எங்கள் பள்ளிக்கூடம் சிவப்புக் குறியோடு நின்றது. இரண்டு இலக்கங்களையும் நான் மாறிப் போட்டிருந்தேன். பதினேழு வருடமாகப் பிள்ளைகளுக்கு எது முதல், எது பிறகு என்று சொல்லிக் கொடுத்து, மாறி எழுதினவனுக்குப் புள்ளி வெட்டினவள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. பிறகு பின்னுக்கிருந்து ஒரு குரல் மரியாதையாகக் கேட்டது:

"ரீச்சர், நாளையிலையிருந்து ஸ்வெற்றர் போட்டுக்கொண்டோ வாறது?"

அதற்குப் பிறகு சிரித்த சிரிப்பில் அதிபர் தன் அறையிலிருந்து எழும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார்.

அட்டவணை வேறு விதமாக விளையாடியது. பிள்ளைகள் காலமை கரையிலிருந்தே தாயின் போனில் எழுதி அனுப்பினார்கள். நீளம் என்ற நிரலில் சென்ரிமீற்றர் என்று நான் கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். கீழே இப்படி வந்தது: அறக்குளா, எழுபத்திரண்டு. பாரை, ஒரு முழம். சீலா, என்ரை கை அளவு. திருக்கை, வாலோடையோ? இன்னொன்றில், 'மாமா அளக்க விடேல்லை, ஆனால் பெரிசு.'

"பெரிசு எண்டதை எப்பிடி ரீச்சர் சராசரியிலை சேர்க்கிறது?" என்று கணித ரீச்சர் கேட்டா. அவவின் குரலில் உண்மையான துயரம் இருந்தது.

மூன்றாம் நாள் அட்டவணையில் ஒரு புது வரி நின்றது. இடம் ரொறன்ரோ. மீன், உறைஞ்ச விளைமீன். நீளம், தெரியாது, தலை இல்லை. விசாரித்துப் பார்த்ததில் யாரோ ஒரு பிள்ளை பெரியப்பாவுக்கு இணைப்பை அனுப்பியிருந்தான். அவர் குளிர்ப்பெட்டியைத் திறந்து தன்னிடம் இருந்ததை நேர்மையாக எழுதியிருந்தார். அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. கணித ரீச்சருக்கு வந்தது. "தலை இல்லாததை நான் ஏற்கமாட்டன்," என்று சொல்லி அழித்தா. அடுத்த நாள் அவர் தலையோடு ஒன்று வாங்கி, அளந்து, எழுதியிருந்தார்.

ஆனால் பெரிய வில்லங்கம் கணவாயால்தான் வந்தது.

விஞ்ஞான சேர் செவ்வாய்க்கிழமை பின்னேரம் இனங்களைப் பிரித்தபோது, அட்டவணையில் கணவாய் என்று ஒன்பது வரிகள் இருப்பதைக் கண்டார். கணவாய் மீன் இல்லை. ஒன்பதையும் அழித்தார். புதன்கிழமை காலமை பார்த்தால் ஒன்பதும் திரும்ப வந்திருந்தன, கூட இரண்டு. அழித்தார். வியாழக்கிழமை பதினாலாக நின்றன. நடுவில் கணித ரீச்சரின் வட்ட வரைபுதான் அகப்பட்டுத் தவித்தது. "நேற்று எல்லாம் கூட்டினால் நூறு வந்தது. இண்டைக்கு அதே கணக்கு எண்பத்தெட்டு. என்ரை வாழ்க்கையிலை வட்டத்துக்கு ஓட்டை விழுந்ததை இண்டைக்குத்தான் கண்டனான்," என்றா.

அன்று காலமை பெற்றோர் குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. மூன்றாம் வரிசைப் பிள்ளையின் தாய், சந்தைச் சத்தத்துக்கு மேலாக:

"ஆரப்பா என்ரை கணவாயை அழிக்கிறது? பிள்ளை அளந்து சொல்லச் சொல்ல நான்தான் எழுதினனான். ஒவ்வொரு நாளும் எழுதுறன், ஒவ்வொரு நாளும் காணேல்லை!"

விஞ்ஞான சேர் மிகவும் பணிவாகப் பதில் எழுதினார். கணவாய் மீன் அல்ல, அது நத்தை, சிப்பி போன்றவற்றின் இனமான மெல்லுடலி என்று.

பிறகு அடுத்த பதிவு.

"நத்தையோ? சேர், என்ரை கணவாயை நத்தை எண்டோ சொல்லுறியள்? உதைச் சந்தையிலை ஆரும் கேட்டால் நாளைக்கு என்னட்டை வாங்குவினமோ?"

அதன்பிறகு மற்றத் தாய்மார் வந்தார்கள். யார் எதற்காகக் கோபப்படுகிறார்கள் என்று விளங்காத ஒரு தகப்பன் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பினார்.

இதைத் தீர்க்கலாம் என்று நினைத்தவள் நான்தான். பயிற்சியில் சொன்ன அந்த வாக்கெடுப்பு எனக்கு நினைவு வந்தது. முதலில் பிள்ளைகள் வாக்குப் போடவேண்டும், பிறகு ஆதாரத்தைப் பார்க்கவேண்டும், பிறகு திரும்பவும் போடவேண்டும். ஆலோசகர் அடுத்த நாள் வெள்ளிக்கிழமை வருவதாக அறிவித்திருந்தார். அவருக்கு முன்னாலேயே செய்து காட்டலாம். 'கணவாய் மீனா?' என்று கேள்வியை அடித்து, வாக்குப் போட உள்ளே நுழைகிற இலக்கத்தைப் பலகையில் எழுதி, வியாழக்கிழமையே ஒத்திகையும் பார்த்தோம். வெள்ளிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் வீட்டிலிருந்து போன் கொண்டுவரலாம், போன் இல்லாதவர்கள் கொம்பியூட்டரில் வரிசையில் நின்று போடலாம் என்று ஒழுங்கு.

ஆலோசகர் அதிகம் கதைக்காத மனுசர். வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பிள்ளைகளின் பின் வரிசை வாங்கில் இருந்தார். அதிபர் தன் வீட்டிலிருந்து மனைவி கையால் பூப்போட்ட வெள்ளை மேசைவிரிப்பு ஒன்றைக் கொண்டுவந்து முன் மேசையில் விரித்திருந்தார். வரைபடம் காட்டினோம். பள்ளிக்கூடம் இப்போது பருத்தித்துறையில் இருந்தது. கணித ரீச்சரின் வட்டமும் அன்று ஓட்டை இல்லாமல் இருந்தது. எல்லாம் நன்றாகத்தான் போனது.

"இனி வாக்குப் போடுங்கோ," என்றேன்.

திரையில் இரண்டு தூண்கள் எழும்பின. பத்து வாக்கு. இருபத்திரண்டு. முப்பத்தொன்று வந்தபோது நான் கதைக்க வாயெடுத்தேன். முப்பத்திரண்டு வந்தது. அதோடு நிற்கவில்லை. நாற்பத்தைந்து, அறுபது. 'ஓம்' என்ற தூண் திரையின் மேல் விளிம்பைத் தொட்டு, மற்றதைச் சுருக்கிக்கொண்டு, பிறகும் வளர்ந்தது.

ஆலோசகர் பின்னாலிருந்து கேட்டார். "ரீச்சர், வகுப்பிலை எத்தினை பிள்ளையள்?"

"முப்பத்தொண்டு சேர்."

"திரையிலை தொண்ணூற்றேழு நிக்குது."

"நூற்றுக்கு முந்நூற்றுப் பதின்மூண்டு," என்று கணித ரீச்சர் தன்னை அறியாமல் சொல்லிவிட்டு வாயைப் பொத்தினா.

மூன்றாம் வரிசைப் பிள்ளை எழும்பினாள்.

"ரீச்சர், நான் அம்மாவுக்கு மட்டும்தான் இலக்கத்தைச் சொன்னனான்."

"அம்மா ஆருக்குச் சொன்னவ?"

"சந்தைக்கு."

அவள் திரும்ப வாங்கில் இருக்கமுன்னம் அம்மாவே வந்துவிட்டா. வாசலில் செருப்பைக் கழற்றி, கையில் ஒரு பையோடு. "இண்டைக்கு வெள்ளி, சந்தையிலை சனமில்லை. எல்லாரும் போனோடை சும்மா இருந்தவை. அதுதான் வாக்கைப் போட்டிட்டு, நானும் ஒருக்கால் நேரை கதைச்சிட்டுப் போவம் எண்டு வந்தனான்," என்று சொல்லி, பையிலிருந்ததை எடுத்து மேசையில் வைத்தா. ஒரு முழுக் கணவாய். பூப்போட்ட விரிப்பின் நடுவில்.

"வெள்ளிக்கிழமையும் அதுவுமாய்," என்று அதிபர் என் காதுக்குள் சொன்னார்.

ஆலோசகர் பின் வாங்கிலிருந்து எழும்பி முன்னுக்கு வந்தார். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன். அவர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, கணவாய்க்குக் கிட்ட இருந்துகொண்டு, "ம், கதையுங்கோ," என்றார்.

விஞ்ஞான சேர் தொண்டையைச் செருமினார். "அம்மா, மீனெண்டால் முள்ளந்தண்டு இருக்கவேணும். இதுக்கு எங்கை?"

அவ கத்தியும் கொண்டுவந்திருந்தா. ஒரு கீறு கீறி, உள்ளேயிருந்து வெள்ளையாக, படகு மாதிரி ஒன்றை இழுத்து எடுத்தா. "இந்தா."

"உதுக்கு நீங்கள் என்ன பெயர் சொல்லுவியள்?"

"கணவாய் ஓடு."

"ஓடு. முள்ளில்லை. சிப்பிக்கு வெளியிலை இருக்கிற ஓடு இதுக்கு உள்ளை இருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்."

அவ அந்த ஓட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இருபது வருசமாய் நானே ஓடு ஓடு எண்டுதான் சொல்லுறன்," என்றா மெதுவாக. பிறகு நிமிர்ந்தா. "சரி சேர். இதுக்குச் செவுள் இருக்கோ இல்லையோ?"

சேர் யோசித்தார். "இருக்கு."

"நீந்துமோ இல்லையோ?"

"நீந்தும்."

"அப்ப?"

வகுப்பு கைதட்டியது. செவுளைக் காட்டுகிறேன் என்று அவ இன்னொரு கீறு கீறினா. அந்தக் கீறில் மைப்பை வெடித்தது. கறுப்பு மை விரிப்பில் ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு ஆறுதலாக ஓடியது. அதிபர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உது போகாது சேர்," என்றா அவ, உண்மையான அனுதாபத்தோடு.

இதற்கிடையில் இரண்டு பிள்ளைகள் அடிமட்டத்தோடு அளக்கத் தொடங்கியிருந்தார்கள். ஒருத்தி பதினெட்டு என்றாள். மற்றவன் நாற்பத்துமூன்று என்றான். அவள் உடம்பை மட்டும் அளந்திருந்தாள். அவன் நீட்டின கால்களோடு அளந்திருந்தான்.

சுவரோடு சுவராக, லேஞ்சியை மூக்கில் வைத்துக்கொண்டு நின்ற கணித ரீச்சர் அசைந்தா.

"ஒரு கிழமையாய் எப்பிடி அளந்தனீங்கள்? காலோடையோ, காலில்லாமலோ?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சிலர் காலோடை, சிலர் இல்லாமல்.

"அப்ப நான் செய்த சராசரி?"

அவ லேஞ்சியை மடித்து இடுப்பில் செருகினா. நேரே மேசைக்கு வந்து, அடிமட்டத்தைப் பறித்து, இடது கையால் கணவாயின் தலையைப் பிடித்து நேராக்கினா. "இஞ்சை பாருங்கோ. இதிலையிருந்து இது வரைக்கும். எல்லாரும் ஒரே மாதிரி. கால் எண்ணுறேல்லை. விளங்கினதோ?" அவவின் விரல்களில் மை வழிந்தது. பதினெட்டு சென்ரிமீற்றரும் நாலு மில்லிமீற்றரும் என்று அறிவித்த பிறகுதான், தான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று அவவுக்கே தெரிந்தது. ஆனாலும் கையை உதறவில்லை. அடிமட்டத்தை முதலில் துடைத்து வைத்துவிட்டு, பிறகுதான் குழாயடிக்குப் போனா.

இரண்டாம் வாக்கெடுப்பைக் கை தூக்கித்தான் செய்தோம். மீன் இல்லை என்று பதினாறு, மீன் என்று பதினைந்து. தாய்க்காரி தோல்வியை மரியாதையாக ஏற்றுக்கொண்டா. "நீங்கள் புத்தகத்திலை நத்தை எண்டே எழுதுங்கோ சேர். சந்தைப்பக்கம் மட்டும் வந்து சொல்லிப்போடாதையுங்கோ." விஞ்ஞான சேர் அங்கேயே அட்டவணையைத் திறந்து, இனம் என்ற நிரலை இரண்டாகப் பிரித்தார். ஒன்றுக்கு 'விஞ்ஞானம்', மற்றதுக்கு 'சந்தை' என்று பெயர் வைத்தார். அன்றிலிருந்து கணவாய் ஒன்றும் அழியவில்லை.

ஆலோசகரின் அறிக்கை ஒரு மாதம் கழித்து வந்தது. பெற்றோர் பங்களிப்பு மிக நன்று என்று எழுதியிருந்தார். கீழே வேறு பேனையால், 'வாக்காளர் பதிவைக் கவனிக்கவும்.' அதிபர் முதல் வரியை மட்டும் காலைக் கூட்டத்தில் வாசித்தார். விரிப்பைப் பற்றி அவர் வீட்டில் என்ன நடந்தது என்று நாங்கள் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ்ஸில் கணித ரீச்சர் யன்னல் பக்கம் இருந்தா. நாலுதரம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேசிக்காய் பூசி, இடது கையை யன்னலுக்கு வெளியே காற்றில் பிடித்துக்கொண்டு வந்தா. மன்னிப்புக் கேட்கலாமோ என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நெல்லியடி தாண்டியது. வலது கையால் போனை எடுத்து ஏதோ தேடி வாசித்துக்கொண்டிருந்தா. வீட்டுக்கு ஏதும் செய்தி அனுப்புகிறாவாக்கும் என்று நினைத்தேன்.

"ரீச்சர்," என்றா. "உதுக்கு மூண்டு இதயமாம். உங்களுக்குத் தெரியுமோ?"

"தெரியாது ரீச்சர்."

"மூண்டு," என்றா திரும்பவும், போனை என் பக்கம் சரித்து. அதில் முழுக் கணவாய் ஒன்றின் படம் இருந்தது. அவ அதைப் பெரிதாக்கிக் காட்டினா. "இப்பிடியான விஷயத்தை முதலே சொல்லியிருந்தால் நான் வத்தாளங்கிழங்கு கேட்டிருப்பனோ?"